உங்களுக்குத் தெரியுமா? வயது முத்திரைக்கு வழிவகுத்த விளையாட்டு!

அமெரிக்காவில் வீடியோ கேம்களுக்குப் பொதுவான வயது முத்திரை வர முக்கியக் காரணங்களில் ஒன்று, ‘மார்ட்டல் காம்பாட்’ என்ற சண்டை விளையாட்டு. எட் பூன், ஜான் டோபியாஸ் உருவாக்க, 1992இல் மிட்வே நிறுவனம் வெளியிட்டது. நிஜ நடிகர்களைப் படம்பிடித்துப் பாத்திரங்களாக்கியதால் கொடூரம் அப்படியே உறைத்தது. தோற்றவரின் தலையை முதுகெலும்போடு பிடுங்கியெடுப்பான் சப்-ஜீரோ என்ற வீரன்!

1993இல் வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது, நிண்டெண்டோ பதிப்பில் ரத்தம் சாம்பல் நிற வியர்வையானது. சேகா பதிப்பில் ரகசியக் குறியீட்டை அழுத்தினால் ரத்தம் தெறித்தது. அந்த டிசம்பரில் வீடியோ கேம் வன்முறை குறித்து அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. அதன் விளைவாக 1994இல் இஎஸ்ஆர்பி என்ற தரநிர்ணய அமைப்பு பிறந்தது.

பெற்றோரே, கேம் உறையில் இஎஸ்ஆர்பியின் ‘எம்’ முத்திரை இருந்தால், அது 17 வயது நிரம்பியவர்களுக்கு ஏற்றது!