உங்களுக்குத் தெரியுமா? ஸலாம் கொடுக்கும் கழுத்து

லால்பேட்டைப் பள்ளிவாசலில் தொழுகை முடியும் நேரம். முகத்தை முதலில் வலப்பக்கம் திருப்பி ஸலாம் கொடுக்கிறார்கள். அப்போது முக்கியமாகச் சுருங்குவது கழுத்தின் இடப்பக்கத் தசை! காதுக்குப் பின்னுள்ள எலும்பிலிருந்து மார்பெலும்பு வரை சாய்வாக இறங்கும் தசை அது. முகத்தைத் திருப்பியபடி தொட்டுப் பாருங்கள், கயிறு போலப் புடைத்திருக்கும்.

இதை இயக்குவது 11-ஆவது மூளை நரம்பு. பெயர்தான் மூளை நரம்பு. அதன் நரம்பணுக்கள் குடியிருப்பது கழுத்துத் தண்டுவடத்தில். தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் பட்டாம்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதி தெரியும். அதன் முன்கொம்பில், முதல் கழுத்துக் கண்டம் தொடங்கி 5-ஆவது வரை, சிலருக்கு 6-ஆவது வரை, மெல்லிய தூண் போல இந்த அணுக்கூட்டம் நிற்கிறது. சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கு (முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி) படிக்கப் போகும் நம் பிள்ளைகள் முதலாண்டு உடற்கூறியலிலேயே இதைச் சந்தித்துவிடுவார்கள்.

பிறகு ஏன் மூளை நரம்பு என்கிறார்கள்? அது போகும் வழி அப்படி. தண்டுவடத்தின் பக்கவாட்டில் கிளம்பும் இழைகள் ஒன்றுசேர்ந்து மேலே ஏறுகின்றன. மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியே உள்ளே நுழைந்து, பக்கத்திலுள்ள வேறொரு துளை வழியே உடனே வெளியேறிக் கழுத்துக்கு இறங்குகின்றன. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-இல் தம் நூலில் இதை விவரித்து, 'துணை நரம்பு' என்ற பொருளில் பெயரிட்டார்.

வீராணம் பாசன வயல்களில் நெற்கட்டைத் தலைக்கு ஏற்றுகிறவர்களின் தோளைக் கவனியுங்கள். கை தோளுக்கு மேலே எழ, தோள்பட்டை எலும்பு சுழன்று கொடுக்க வேண்டும். அதற்கு உதவும் ட்ரபீசியஸ் தசைக்கும் இதே நரம்புதான்.

கழுத்தின் பக்கவாட்டில் இந்த நரம்பு தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. நெறிகட்டியைச் சோதனைக்காக வெட்டி எடுக்கும்போது அறுபட வாய்ப்புண்டு. அப்படியானால் தோள் தொங்கும். தலை வாரக்கூடக் கை எழாது. கழுத்து அறுவைக்குப் பின் இப்படி நேர்ந்தால் தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் நரம்பை இணைத்துத் தைக்க முடியும்.

இன்னொரு விந்தை. மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் தாக்கினால் இடது கை, கால் விழும். கழுத்தில் மட்டும் பெரும்பாலும் வலப்பக்கத் தசைதான் தளரும். அதனால் முகத்தை இடப்பக்கம், விழுந்த கை இருக்கும் பக்கமாகத் திருப்பத்தான் நோயாளி சிரமப்படுவார்.