ஒரு மனித ஆயுளுக்குள் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு... பழவேற்காட்டின் தென்வானில் ஒரு விசித்திர நட்சத்திரம்!

விடியற்காலை மூன்றரை மணி. பழவேற்காடு முகத்துவாரத்தை நோக்கி ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம் என ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் வரிசையாக மீனவ கிராமங்கள். ஒருகாலத்தில் இங்கே மணி சொன்னது ஆறாமீனும் விடிவெள்ளியும்தான். இப்போது அந்த வேலையை செல்போனும் ஜி.பி.எஸ் கருவியும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால், வானம் அதே வானம்தான். கடல் மீனுக்கும் வான்மீனுக்கும் ஒரே பெயர் வைத்த மொழியல்லவா நம்முடையது!

அந்த வானத்தின் தெற்குப் பக்கத்தில், எந்த மீனவர் கண்ணுக்கும் தெரியாத ஒரு நட்சத்திரம் இருக்கிறது. பெயர் டி.ஒய் சென்டாரி. வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய மிக மங்கலான நட்சத்திரத்தைவிட சுமார் 600 மடங்கு மங்கலானது. இத்தனை மங்கலான ஒன்றைப் பற்றி ஏன் பேச வேண்டும்? ஒரு நட்சத்திரம் நிறம் மாற, உருமாற பல லட்சம், பல கோடி ஆண்டுகள் ஆகும் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். இது அதை ஒரு பாட்டியின் ஆயுளுக்குள் செய்து முடித்திருக்கிறது.

பாட்டி என்றது சும்மா இல்லை. அவர் பெயர் டாரிட் ஹாஃப்லெய்ட்.

23 வயதுப் பெண்ணின் கண்ணில் பட்டது

அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகம் 1890-களில் இருந்தே பெரு நாட்டில் கேமரா தொலைநோக்கிகளை வைத்து தெற்கு வானத்தைக் கண்ணாடித் தட்டுகளில் படம்பிடித்து வந்தது. ஆயிரக்கணக்கான தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் மிளகைக் கொட்டியதுபோல நட்சத்திரப் புள்ளிகள். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தப் புள்ளி சிறுத்திருக்கிறது, எது பெருத்திருக்கிறது என்று தேடுவது வேலை. கண் வலிக்கும் வேலை. அதைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள்.

1930-ல், 23 வயதான ஹாஃப்லெய்ட் தன் ஆய்வில் இந்த நட்சத்திரத்தின் விநோதத்தைப் பதிவுசெய்தார். 1897, 1901, 1924, 1929 ஆகிய ஆண்டுகளில் அது சட்டென்று மங்கிப்போய், பிறகு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. இவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கும் இல்லை. தோன்றும்போது மங்கும், தோன்றும்போது மீளும்.

இப்படி நடந்துகொள்ளும் நட்சத்திரங்களுக்கு ஒரு குடும்பப் பெயர் உண்டு: ஆர் கொரோனே போரியாலிஸ் வகை. குடும்பத்தின் மூத்த உறுப்பினரான ஆர் கொரோனே போரியாலிஸின் மாறுபாட்டை எட்வர்ட் பிகாட் என்ற ஆங்கிலேயர் 1795-ல் கண்டுபிடித்தார். பால்வீதியில் உள்ள கோடானுகோடி நட்சத்திரங்களில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இதுவரை தெரியவந்தவை சில நூறைக்கூடத் தாண்டவில்லை.

அரிக்கேன் விளக்கும் கரியும்

இவை ஏன் மங்குகின்றன? வீட்டில் அரிக்கேன் விளக்கு ஏற்றிய தலைமுறைக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். திரியைக் கூடுதலாக ஏற்றினால் கண்ணாடியில் கரி படியும். உள்ளே சுடர் எரிந்துகொண்டேதான் இருக்கும். வெளிச்சம் மட்டும் குறைந்துவிடும். இந்த நட்சத்திரங்களும் தங்களைச் சுற்றிக் கரிப்புகையை ஊதுகின்றன. அந்தப் புகைமேகம் நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே வந்து நின்றால், நட்சத்திரம் காணாமல் போகும். மேகம் கலைந்ததும் திரும்ப வரும். 2007-ல் ஆர் கொரோனே போரியாலிஸ் இப்படி மறைய ஆரம்பித்து சுமார் 4,000 மடங்கு மங்கியது. பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் பிடித்தன.

கரி எங்கிருந்து வந்தது என்பதில்தான் விசித்திரமே இருக்கிறது. சூரியனை எடுத்துக்கொண்டால் அதில் முக்கால் பங்கு ஹைட்ரஜன். பெரும்பாலான நட்சத்திரங்களின் சமையல் குறிப்பும் இதுதான். ஆனால், இந்தக் குடும்பத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் கிட்டத்தட்ட கிடையாது. ஹீலியம்தான் எல்லாம், அதோடு கார்பன் தாராளமாக. சாம்பார் என்று சொல்லிவிட்டு அதில் பருப்பே இல்லையென்றால் எப்படி இருக்கும்? அப்படியொரு கலவை.

பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் என்.காமேஸ்வர ராவ், அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லாம்பர்ட்டுடன் சேர்ந்து இந்தக் குடும்பத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். நம் திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் வைனு பாப்பு வானாய்வகம் அந்த நிறுவனத்துடையதுதான். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986 ஜனவரி 6-ம் தேதி வைனு பாப்புவின் பெயரைச் சூட்டியவர், அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி.

அதே நிறுவனத்தின் கஜேந்திர பாண்டே, லாம்பர்ட், ராவ் ஆகியோர் 2008-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இந்தக் குடும்பத்து நட்சத்திரங்களில், அவற்றின் இரும்பு அளவோடு ஒப்பிடும்போது எதிர்பார்த்ததைவிட 800 முதல் 8,000 மடங்கு வரை அதிகமாக ஃப்ளோரின் இருக்கிறது! பற்பசை டப்பாவில் பெயரைப் பார்த்திருப்பீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிணற்று நீரில் அளவு மீறிக் கலந்து பல்லைக் கறையாக்குவதும் அதன் சேர்மங்கள்தான். ஃப்ளோரின் நட்சத்திரங்களுக்குள் எப்படி உருவாகிறது என்பது விஞ்ஞானிகளுக்கு நெடுநாள் தலைவலி. சூடான நட்சத்திரத்தில் அது உருவான வேகத்திலேயே அழிந்துவிடும் சுபாவம் கொண்டது. இங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

விடையாக முன்வைக்கப்படுவது ஒரு மோதல். எரிந்து ஓய்ந்த இரண்டு நட்சத்திரங்கள், அதாவது வெண்குள்ளர்கள், ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி ஒரு கட்டத்தில் இணைந்துவிடுகின்றன. ஒன்று ஹீலியத்தால் ஆனது. இன்னொன்று கார்பனும் ஆக்சிஜனும் கலந்தது. சாம்பலான இரண்டு அடுப்புகள் சேர்ந்து மறுபடி பற்றிக்கொள்வதுபோல, அந்த இணைப்பில் புதிதாக ஒரு நட்சத்திரம் ஊதிப் பெருக்கிறது. ஹைட்ரஜன் இல்லாமல் போனதும், ஃப்ளோரின் குவிந்ததும் அந்தக் களேபரத்தில்தான் என்கிறது இந்தக் கணிப்பு.

கால்பந்து கிடைத்தது... ஆனால், தப்பான வீட்டில்!

டி.ஒய் சென்டாரிக்கு வருவோம். குடும்பத்திலேயே அது ஒரு தனிப் பிறவி. மற்றவற்றைப்போல் இல்லாமல் இதில் ஓரளவு ஹைட்ரஜன் மிஞ்சியிருக்கிறது. அதனால் ஒரு வேடிக்கை நடந்தது.

60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் கோத்துக்கொண்டு உருவாகும் ஃபுல்லரின் என்ற மூலக்கூறு 1985-ல் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1996-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஹைட்ரஜன் இல்லாத இடத்தில்தான் இது நன்றாக உருவாகும் என்பது ஆய்வகத்துப் பாடம். அப்படியானால் ஹைட்ரஜன் இல்லாத, கார்பன் மண்டிய இந்தக் குடும்பத்தில் குவியல் குவியலாக இருக்க வேண்டாமா? ஸ்பெயினைச் சேர்ந்த கார்சியா ஹெர்னாண்டஸ், ராவ், லாம்பர்ட் மூவரும் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளில் தேடினார்கள். 2011-ல் வெளியான முடிவு தலைகீழாக இருந்தது. ஃபுல்லரினின் அடையாளம் தெரிந்தது டி.ஒய் சென்டாரியிலும், வி854 சென்டாரியிலும்தான். இரண்டுமே ஹைட்ரஜன் மிஞ்சியிருக்கும் நட்சத்திரங்கள். ஆய்வகத்தில் எழுதிய விதி வானத்தில் செல்லுபடியாகவில்லை.

அடுத்தது இன்னும் பெரிய சங்கதி. இதன் பழைய ஹார்வர்டு தட்டுகளையும் புதிய அளவீடுகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்த அமெரிக்க வானியலாளர் பிராட்லி ஷேஃபர் 2016-ல் கொடுத்த கணக்கு இது: 1906-ல் இதன் வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். கிட்டத்தட்ட நம் சூரியன் மாதிரி மஞ்சள். 1987-ல் சுமார் 19,500. 2010-ல் சுமார் 24,800 கெல்வின், நீல வெண்மை. ஹாஃப்லெய்ட் பிறந்தது 1907-ல். மறைந்தது 2007-ல், நூறு வயதைக் கடந்து. அவர் பிறந்தபோது மஞ்சளாக இருந்த நட்சத்திரம், அவர் கண்மூடும்போது நீலமாகியிருந்தது.

1930-களுக்குப் பிறகு, அது பழையபடி சட்டென்று மங்கி மீண்டதாகப் பதிவும் இல்லை. புகை ஊதுவதை விட்டுவிட்டு வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருக்கிறது. பாண்டே, ராவ், ஜெஃப்ரி, லாம்பர்ட் ஆகியோரின் 2014 ஆய்வும் இதை உறுதிசெய்தது: 23 ஆண்டுகளில் சுமார் 5,000 கெல்வின் சூடேறியிருக்கிறது, மொத்த ஒளிர்வோ மாறவில்லை. கணக்குப் போட்டால், அந்த 23 ஆண்டுகளில் நட்சத்திரத்தின் விட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியிருக்க வேண்டும்.

இதே நட்சத்திரத்துக்கு ஒரு துணை நட்சத்திரம் இருப்பதாக ராவ் குழுவினர் 2012-ல் அறிவித்திருந்தார்கள். ஆனால், இரண்டு வெண்குள்ளர்கள் இணைந்து பிறந்ததென்றால் துணை எங்கிருந்து வந்தது? 2014 ஆய்விலேயே இந்த நெருடலைப் பதிவுசெய்தார்கள். ராவும் லாம்பர்ட்டும் பங்கெடுத்த 2020 ஆய்வு, துணை என்று ஒன்று இருப்பதற்கான ஆதாரம் இல்லை என்ற பக்கம் சாய்ந்தது. சொன்னதைத் தாங்களே திருத்திக்கொள்வது எல்லோருக்கும் வருவதில்லை.

ராக்கெட் பறக்கும் நாளில் படகு கரையில்

சூடேறினால் பிரகாசம் கூடத்தானே வேண்டும்? ஏன் மங்கிக்கொண்டே போகிறது? நட்சத்திரம் சூடாக ஆக, அதன் ஒளியின் பெரும்பகுதி புற ஊதாப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. தரையிலிருக்கும் தொலைநோக்கிக்கும் பெரும்பாலும் எட்டாது, ஓசோன் படலம் தடுத்துவிடும். அதைப் பார்க்க வளிமண்டலத்துக்கு மேலே போக வேண்டும்.

அப்படிப் போவதற்கான வாசல் பழவேற்காடு ஏரியின் அடுத்த கரையில்தான் இருக்கிறது. ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து 2015 செப்டம்பர் 28-ம் தேதி பி.எஸ்.எல்.வி சி-30 ராக்கெட் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. வானியலுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் விண்வெளி ஆய்வகம் அது. அதிலிருக்கும் புற ஊதா தொலைநோக்கியை உருவாக்குவதில் முன்னின்றது, காவலூரை நடத்தும் அதே பெங்களூரு நிறுவனம். டி.ஒய் சென்டாரி போன்ற சூடான நட்சத்திரங்கள் பேசும் மொழியைக் கேட்பதற்கென்றே செய்த காது அது.

ராக்கெட் கிளம்பும் நாள்களில் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை வரும். பாதுகாப்புக்காகத்தான். தேதி தள்ளிப்போனால் தடையும் கூடவே தள்ளிப்போகும். அன்றைக்கு வலை காய்கிறது, வருமானமும் காய்கிறது. ஏற்கெனவே முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோவது, ஏரிக்குள் யார் எங்கே எந்த நாளில் வலை கட்டுவது என்ற 'பாடு' முறையின் இழுபறிகள், குறையும் இறால் வரத்து என்று ஆயிரம் கவலை. நட்சத்திரத்தின் ரகசியத்துக்கு இந்த ஊர் கொடுக்கும் விலை பெரும்பாலும் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நன்றி சொல்லும் பக்கத்தில்கூட வருவதில்லை.

சென்னைக்கும் தெற்கு வானத்துக்கும் பழைய உறவு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867 ஜனவரியில் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதுவும் தென்வானத்து நட்சத்திரம்தான். சென்னையிலிருந்து அடிவானத்துக்கு மேலே 14 டிகிரிக்கு மேல் ஏறாது. அன்றைக்கு நுங்கம்பாக்கத்தில் இருட்டு இருந்தது. இன்றைக்கு அங்கே நின்றால் கண்ணில் படுவது பெயர்ப்பலகைகள்தான்.

எப்படிப் பார்ப்பது?

மே மாத நடுவில், இரவு பத்து மணி வாக்கில் பழவேற்காட்டுக் கரையில் தெற்கே பார்த்து நில்லுங்கள். இடது பக்கம் தாழ்வாக ஆல்ஃபா, பீட்டா சென்டாரி என இரண்டு பளிச் நட்சத்திரங்கள். வலது பக்கம் தெற்குச் சிலுவை. பீட்டாவுக்கு மேலே சற்று வலப்புறத்தில் எப்சிலான் சென்டாரி. கையை நீட்டி, அதிலிருந்து ஒரு கட்டை விரல் அகலம் வலப்புறம் நகர்ந்தால், அங்கேதான் டி.ஒய் சென்டாரி இருக்கிறது. பார்க்க முடியாது. குறைந்தது எட்டு அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருட்டும் நட்சத்திர வரைபடமும் வேண்டும். தொலைநோக்கி இல்லாதவர்கள் வடக்கே திரும்பி, இதன் குடும்பத் தலைவர் ஆர் கொரோனே போரியாலிஸை சாதாரண பைனாகுலரில் தேடலாம். அங்கே நட்சத்திரம் தெரியவில்லையா? அது புகை ஊத ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். உலகெங்கும் இதைத் தினமும் கண்காணிப்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்தான்.

ஆனால், மே மாதத்தில் ஒரு சிக்கல். பழவேற்காட்டுக்கு நேர் தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர், அதற்கும் அப்பால் சென்னை. துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், நகரம் எல்லாம் சேர்ந்து அடிவானத்தை ஆரஞ்சு நிறத்தில் தூக்கிப்பிடிக்கின்றன. டி.ஒய் சென்டாரி இங்கே அதிகபட்சம் 22 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். அந்த வெளிச்சக் கூரைக்குச் சற்று மேலேதான்.

ஆகஸ்ட் கடைசியில் இருட்டும்போதே அது மறையத் தொடங்கிவிடும். மறுபடி வருவது டிசம்பர் விடியற்காலையில், தென்கிழக்கில். அந்தத் திசையில் கட்டடம் இல்லை, துறைமுகம் இல்லை, வெறும் கடல்தான். வடகிழக்குப் பருவமழை மேகம் விலகிய ஒரு நாளில், படகுகள் முகத்துவாரத்தைத் தாண்டும் நேரத்தில் அது மேலே ஏறிக்கொண்டிருக்கும்.