மண்கோட்டைக் கண்டதும் துடைக்காதீர்கள்

வீடும் உயிர்களும் – 9

ஜூனில் முதல் மழை பெய்த மாலை, ஹைதராபாத்தின் கொண்டாப்பூர் அடுக்ககங்களின் பால்கனி விளக்குகளை ஈசல் மொய்க்கும். சிறகு முளைத்த கரையான்தான் ஈசல். மறுநாள் பெருக்கினால் முறம் நிறைய இறகு. விளக்கைத் தேடி வெளியிலிருந்து வந்தவை என்றால் கவலையில்லை. சன்னல் சாத்தியிருந்தும் குளியலறை நிலையோரம் இறகு உதிர்ந்து கிடந்தால், கரையான் கூட்டம் சுவரோரத்திலோ மரத்திலோ வழி வைத்துவிட்டது என்று பொருள்.

சிறகு முளைத்த எறும்பும் இதே பருவத்தில்தான் வரும். ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும். உணர்கொம்பு நடுவில் மடங்கும். முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. ஈசலுக்கு இடை ஒடுங்காது, உணர்கொம்பு மணிமணியாக நீண்டிருக்கும், நான்கு சிறகும் ஒரே நீளம். கரையானை வெள்ளை எறும்பு என்கிறோம். உண்மையில் அது கரப்பான்பூச்சியின் உறவு.

1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரையான் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து எழுதினார். 1779-இல் பெர்லினில் அது அச்சானது. புற்றுக்குள் காளான் வளர்வதை முதலில் எழுதி வைத்தவர் அவர்தான் என்பார்கள். நம் ஊர்ப் புற்றுக் கரையான் மரத்தைத் தின்று மண்ணுக்குக் கொண்டுபோய், தன் கழிவின் மேல் காளான் வளர்த்து உண்கிறது. மற்ற மண் கரையான்களுக்கும் குடியிருப்பு பெரும்பாலும் மண்தான். உங்கள் நிலைச்சட்டம் அவற்றுக்கு மேய்ச்சல் நிலம். ராணி இருப்பது கீழே.

கொண்டாப்பூரில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. தாவரவியல் பூங்காவும் கோத்தகூடா காடும் பக்கத்திலேயே இருக்கின்றன. போதாததற்கு, கட்டும்போது வேரையும் சென்ட்ரிங் பலகைத் துண்டையும் அஸ்திவாரக் குழியிலேயே போட்டு மூடும் வழக்கம் வேறு. இது கரையானுக்கு நாமே வைக்கும் படையல். மேல்மாடி என்றால் வராது என்று நம்பவும் வேண்டாம். குழாய் டக்ட், மின்கம்பிக் குழாய் வழியாக ஏறிவிடும்.

கரையானின் தோல் மெல்லியது, உலர்காற்று பட்டால் காய்ந்து சாகும். அதனால்தான் மண்ணும் எச்சிலும் குழைத்துப் பென்சில் பருமனில் குழாய் கட்டி, அதற்குள்ளேயே நடக்கிறது. சுவரில் மண்கோடாகத் தெரியும் அந்தக் குழாயைத் துடைத்து ஸ்ப்ரே அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கண்ணுக்குத் தெரிந்தது சாகும், மற்றது வேறு வழி பிடிக்கும், உங்கள் கையிலிருந்த தடயமும் போய்விடும். நடுவில் விரல் நீளம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். மறுபடி ஈரமண் பூசியிருந்தால் போக்குவரத்து நடக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் நிலையைத் தட்டுங்கள். உள்ளே தின்ற இடத்தில் சத்தம் மாறும்.

மண்கோடே இல்லாமல் அலமாரிக்கடியில் கசகசாபோல் துகள் கொட்டினால் அது உலர்மரக் கரையான். ஆறு பட்டை கொண்ட அந்தத் துகள் அதன் எச்சம். அதற்கு மண்தொடர்பே தேவையில்லை. அந்த மரச்சாமானைத்தான் கவனிக்க வேண்டும், தரையை அல்ல.

மண் கரையானுக்கு வைத்தியம் மண்ணில்தான். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 6313-இன் மூன்றாம் பகுதி, குடியிருக்கும் வீட்டுக்கான முறையைச் சொல்கிறது: தரையும் சுவரும் சேரும் இடத்தில் 300 மி.மீ.க்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்தை உள்ளே செலுத்த வேண்டும். பெஸ்ட் கண்ட்ரோல்காரர் மரத்தின் மேல் மட்டும் அடித்துவிட்டுக் கிளம்பினால் விடாதீர்கள். புது ஃபிளாட் வாங்குகிறவர்கள், அஸ்திவாரத்தில் கரையான் மருந்து போட்டதற்கான சான்றைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.