குடாநாட்டின் கிணற்று நீரைப் பாதுகாத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. குடிப்பதற்கும், வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகியவற்றை விளைவிப்பதற்கும் வேண்டிய நீர் பெரும்பாலும் கிணற்றிலிருந்தே பெறப்படுகின்றது. இறைத்த கிணறு மறுநாட் காலையில் ஊறி நிற்பதைக் காணும் கமக்காரர், அதனை வற்றாத செல்வமென எண்ணுதல் இயல்பே. ஆயினும் அந்நீருக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை மீறுவதால் விளையுங் கேடு இலகுவில் திருத்தக்கூடியதன்று.

நீர் எங்கே தங்குகின்றது?

குடாநாட்டின் நிலத்தடியில் துளைகளும் வெடிப்புகளும் மலிந்த சுண்ணாம்புக்கற் பாறை உள்ளது. ஆண்டொன்றுக்குப் பெய்யும் ஏறத்தாழ 50 அங்குல மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாரியிலேயே கிடைக்கின்றது. மண்ணுட் புகும் மழைநீர் பாறையினூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்ததாதலே இதற்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் அறிஞர் கண்ட விதி. எனவே, நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடின், கீழேயுள்ள உவர்நீர் 40 அடி வரை மேலெழ இடமுண்டாகும்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதரின் உடல்வலுவே இறைப்பின் அளவை வரையறுத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வரையறை நீங்கிற்று. இனிக் கமக்காரரின் அறிவே வரையறையாதல் வேண்டும்.

உரமும் குடிநீரும்

50 கிலோகிராம் யூரியா மூடையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. வெங்காயத்தின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. ஒரே முறையில் மிகையாக உரமிட்டுப் பாத்தி நிரம்ப நீர் பாய்ச்சினால், பயிர் உண்ணாத நைதரசன் நைத்திரேற்றாக மாறிச் செம்மண்ணூடு வடிந்து, இறைத்த கிணற்றையே மீண்டும் அடைகின்றது. உரத்துக்குச் செலவிட்ட பணம் குடிநீரைக் கெடுக்கும் நஞ்சாகின்றது.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்திற் செறிவாகப் பயிரிடப்படும் இடங்களிற் சில கிணறுகள் இவ்வளவை மிஞ்சியிருத்தல் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. இத்தகைய நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தையின் குருதி, ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும்.

திட்டங்களும் அவற்றின் இடர்களும்

2016ஆம் ஆண்டில் இலங்கை, காலநிலை மாற்றம் பற்றிய பாரிசு உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. உலகின் வெப்பத்தை மிகுவிக்கும் வாயுக்களில் இந்நாட்டின் பங்கு மிகச் சிறிதே. எனினும் கடல் மட்டம் உயருமிடத்துக் குடாநாட்டின் கிணறுகளை உவர்நீர் மேலும் நெருங்கும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளமும், 2016, 2017ஆம் ஆண்டுகளின் வறட்சியும் கமத்தொழில் எத்துணை எளிதில் நலிவுறும் என்பதைக் காட்டின.

பரிகாரமோ எளிதன்று. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குக் கொணரும் திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்தார். அது இன்னும் முழுமை பெறவில்லை. 2000ஆம் ஆண்டில் வரையப்பட்ட தேசிய நீர்வளக் கொள்கை, நீருக்குக் கட்டணம் வருமென்ற அச்சத்தால் எதிர்க்கப்பட்டுக் கைவிடப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், 2021/22 காலபோக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

கமக்காரரின் வரும்படியையும் நம்பிக்கையையும் கருதாத திட்டம் நிலைபெறாது என்பது இவற்றாற் பெறப்படும் பாடம். ஆனால், நல்ல திட்டம் வரும்வரை கிணறு காத்திராது என்பதும் அதேயளவு உண்மை.

செய்யவேண்டியவை

1. கிணற்றின் அடி தெரியும்வரை ஒரேயடியாக இறைத்தலாகாது. இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறைத்தல் வேண்டும்.

2. மண்ணைப் பரிசோதித்து, யூரியாவைச் சிபார்சு செய்யப்பட்ட அளவில், பல முறையாகப் பிரித்து இடுக. பெருமழைக்கு முன் இடுதல் வீண்.

3. மாட்டெருவும் குழையும் மண்ணின் ஈரத்தைக் காப்பன. அவற்றையும் அளவோடு இடுக. மிகையான எருவும் நைத்திரேற்றாகும்.

4. இயன்ற இடத்துத் தூவல் அல்லது சொட்டு நீர்ப்பாசனத்தைக் கைக்கொள்க. வெயில் தணிந்த வேளையில் நீர் பாய்ச்சுக. பாத்திகளுக்கு மூடுபடை இடுக.

5. நெற்செய்கையாளர் மாரிக்கு முன் வரம்புகளை உயர்த்திக் கட்டுதல் வேண்டும். வயலில் நிற்கும் மழைநீரின் ஒரு பங்கு அயலவர் கிணற்றில் ஊறும்.

6. ஊர்க் குளங்களையும் கேணிகளையும் கோடையில் தூர்வாருக. அவற்றுட் குப்பை கொட்டுவதையும், அவற்றை நிரவிக் கட்டடம் எழுப்புவதையும் தடுத்தல் ஊரவர் கடன்.

7. மலசலகூடக் குழியைக் கிணற்றுக்கு அண்மையில் அமைக்கலாகாது. கைக்குழந்தையுள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் நன்று.

ஒருவர் காணிக்குள் வெட்டப்பட்ட கிணறு அவருடையதேயாயினும், அதன் அடியிலுள்ள நீர் வேலி அறியாது. ஒருவர் மிகையாக இறைத்தால் அயலவர் கிணறு உவராகும். ஒருவர் மழைநீரைத் தேக்கினால் அயலவர் கிணறும் ஊறும். ஆதலால் வரும் மாரிக்கு முன்னரே கமக்காரர் யாவரும் ஒன்றுகூடி இவற்றை ஆராய்தல் வேண்டும். மேலதிக ஆலோசனைகளை அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ பெற்றுக்கொள்ளலாம்.