வண்டியில் குளிர் நின்றதேன்?

சித்திரை, வைகாசி மாதங்களில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழ்வோருக்கு வெயிலின் கொடுமையை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் அசையாமல் நிற்கும் வண்டிக்குள் கைக்குழந்தையோ, முதியவரோ, நோயாளியோ இருந்துவிட்டால், அதிலுள்ள குளிர்சாதனம் ஆடம்பரப் பொருளன்று. தேவைப் பொருளே ஆகும். லாரி ஓட்டுநரும் மனிதரே அன்றோ? 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது.

இத்தகைய கருவி திடீரென்று நின்றுவிட்டால், "கேஸ் போயிருக்கும்" என்பார் ஒருவர். "கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும்" என்பார் மற்றொருவர். பல ஆயிரம் ரூபாயைச் செலவழித்த பின்பு, குற்றமெல்லாம் பாசம் பிடித்த ஒரு கம்பி முனையில்தான் இருந்தது என்று தெரியவந்தால், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் என்ன பாடுபடும்! ஆகவே மின்பழுதை முறையாகக் கண்டறிவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் பகுதிக்கும் வண்டியின் மின்சாரத்துக்கும் நெடுநாளைய உறவு உண்டு. 1961-இல் பாடியில் நிறுவப்பெற்ற லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை வண்டிகளுக்கான ஸ்டார்ட்டர் மோட்டார் முதலிய மின்கருவிகளைச் செய்வது. 1964-இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான உதிரிப் பாகங்களைச் செய்யும் பட்டறைகள் பல உள்ளன. இவற்றின் அருகே வாழும் நாம் இதைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் கருவி இயங்கும் விதத்தைப் பார்ப்போம். எஞ்சினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்ட கம்ப்ரஸர், குளிரூட்டும் வாயுவை அழுத்துகிறது. அவ்வாயு வண்டியின் முன்புறமுள்ள கண்டென்ஸரில் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பின்னர் உள்ளேயுள்ள குளிர்சுருளில் ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. அச்சுருளின் மீது புளோயர் விசிறி காற்றை வீச, நமக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கிறது.

இதில் மின்சாரத்துக்கு என்ன வேலை? பல வண்டிகளில் கம்ப்ரஸரின் முன்னால் காந்தக் கிளட்ச் ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போதெல்லாம் கப்பி சுழலும். ஆனால் மின்காந்தம் முன்தகட்டை இழுத்துக் கப்பியோடு ஒட்டவைக்கும்போதுதான் கம்ப்ரஸர் சுழலும். 1939-இல் அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் குளிர்சாதனம் பொருத்திய காரை அறிமுகப்படுத்தியபோது இந்தக் கிளட்ச் கிடையாது. குளிர் போதுமென்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கிச் சென்று, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பாட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் பியூஸ், ரிலே ஆகியவற்றைக் கடந்து கிளட்ச் சுருளை அடைந்து, வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்புகிறது. வாயுவின் அழுத்தத்தைக் கவனிக்கும் சுவிட்சும், குளிர்சுருளில் பனி உறையாமல் காக்கும் உணர்கருவியும், ரிலேக்கு 'இயங்கு' அல்லது 'நில்' எனக் கட்டளை செல்லக் காரணமாகின்றன.

இனி, பழுதைத் தேடுவோம். கண்டபடி கழற்றாமல், அறிகுறியை வைத்து வினாக்களை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதல் வினா: காற்று வருகிறதா? காற்றே வரவில்லையென்றால் புளோயரின் பியூஸ், ரிலே, மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மிக அதிக வேகத்தில் மட்டும் விசிறி சுழன்று மற்ற வேகங்களில் நின்றுபோனால், வேகத்தைக் குறைக்கும் மின்தடை எரிந்திருக்கலாம். பழைய முறை வண்டிகளில் உச்ச வேகத்தின்போது மின்னோட்டம் அத்தடையைக் கடப்பதில்லை. அதனால்தான் அந்த வேகம் மட்டும் பிழைத்துக்கொள்கிறது.

இரண்டாம் வினா: காற்று வந்தும் குளிரவில்லையா? பொத்தானை அழுத்தும்போது கிளட்ச் 'டக்' என்று ஒட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒட்டவில்லையெனில் பியூஸையும் ரிலேயையும் சோதித்து, பின்பு கிளட்சுக்கு மின்சாரம் வருகிறதா என்று அளக்க வேண்டும். வாயு கசிந்து அழுத்தம் குறைந்திருந்தாலும் அழுத்த சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அது பழுதன்று, காவலன் தன் கடமையைச் செய்கிறான். கம்ப்ரஸருக்குரிய எண்ணெய் வாயுவோடு சேர்ந்தே சுற்றிவருவதால், வாயுவின்றி ஓடினால் அது தேய்ந்து இறுகிப்போகும். ஆகவே அந்தச் சுவிட்சைத் தாண்டி நேரடியாகக் கம்பி கொடுத்து ஓட்டுவது பெருந்தவறு.

மூன்றாம் வினா: வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் மட்டும் குளிர் குறைகிறதா? அப்படியானால் கண்டென்ஸர் விசிறியையும் அதன் மின்சுற்றையும் முதலில் ஐயுற வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது.

இப்போது, அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றும் ஒரு பழுதைப் பார்ப்போம். கிளட்சின் இணைப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் 12 வோல்ட் காட்டுகிறது. "மின்சாரம் சரியாக வருகிறது, கிளட்ச்தான் கெட்டுவிட்டது" என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே துணைக்கு வருகிறது. கிளட்ச் சுருளின் மின்தடை 4 ஓம் என்று கொள்வோம். நல்ல நிலையில் 12 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் ஓடும். எங்கோ ஓர் இணைப்பில் பாசம் பிடித்து 2 ஓம் தடை சேர்ந்துவிட்டால், மொத்தத் தடை 6 ஓம். மின்னோட்டம் 2 ஆம்பியர்தான். கிளட்சுக்குக் கிடைப்பது 8 வோல்ட்டே. தகட்டை உறுதியாகப் பிடிக்க அது போதாமல் கிளட்ச் வழுக்கும். ஆனால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டமோ மிகமிகச் சிறியது. அதனால் அந்த 2 ஓம் தடை அதன் கண்ணில் படுவதில்லை. எனவே இணைப்பைக் கழற்றாமல், கருவி இயங்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். சுமை ஏறினால்தான் பாலத்தின் பலவீனம் வெளிப்படும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. எரிந்த பியூஸுக்குப் பதிலாகப் பெரிய பியூஸையோ வெறும் கம்பியையோ போடலாகாது. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று தட்டைப் பியூஸ்களுக்கு நிறம் வைத்திருப்பது, மாற்றிப் போடாதிருக்கவே. பியூஸ் எரியாவிட்டால் கம்பி எரியும். கம்பி எரிந்தால் வண்டியும் எரியலாம். எஞ்சின் நின்றிருந்தாலும் முன்விசிறி தானே சுழலக்கூடும். பின்னலையும் துப்பட்டாவையும் அருகே விடாதீர்கள். மின்சார வண்டிகளிலுள்ள ஆரஞ்சு நிறக் கம்பிகளில் பல நூறு வோல்ட் பாயும். பயிற்சி பெற்றவர் மட்டுமே அவற்றைத் தொடலாம். வாயுக் குழாய்களை நாமே திறப்பதும் ஆகாது.

இவற்றையெல்லாம் படித்ததும் நாமே மெக்கானிக் ஆகிவிட மாட்டோம். ஆனால் "கம்ப்ரஸரை மாற்ற வேண்டும்" என்று எவரேனும் சொன்னால், "பியூஸும் ரிலேயும் பார்த்தீர்களா? வண்டி ஓடும் நிலையில் வோல்ட் அளந்தீர்களா?" என்று பணிவோடு கேட்க நம்மால் இயலும். நேர்மையான தொழிலாளி அக்கேள்வியை மகிழ்ச்சியோடு ஏற்று, மீட்டரையும் காட்டுவார். கேட்பதற்கு ஆண், பெண் என்ற பேதமில்லை, கற்பதற்கும் இல்லை. அம்பத்தூரிலேயே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. நம்மில் சிலர் அங்கு சென்று இத்தொழிலை முறையாகப் பயின்று, நாளை மீட்டரைக் கையில் ஏந்துவோராகவும் விளங்கலாமே!