முட்டை மிதக்கும் உப்புத் தண்ணியும் முகத்துவாரத்துச் சேறும்

விதை நெல் தேர்வு செய்ய என்ன பண்றோம்? தண்ணியில் உப்பைக் கரைச்சு, முட்டை மிதக்கிற பதம் வந்ததும் நெல்லைக் கொட்டுறோம். பதர் மேலே வரும், திடமான விதை அடியில் தங்கும். ஆற்றுச் சேற்றில் நுண்பிளாஸ்டிக் தேடும் ஆய்வுக்கூடங்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகளுக்கு அந்தப் பெயர். செறிவான உப்புக் கரைசலில் சேற்றைக் கலக்கினால் மண் கீழே போகும், பாலித்தீன் துணுக்கு மேலே வரும். தண்ணி பாட்டிலும் பி.வி.சி.யும் இதில் மிதக்காது. அதற்கு துத்தநாக குளோரைடு மாதிரி இன்னும் கனமான கரைசல் வேண்டும்.

பாலித்தீன் தண்ணீரைவிட லேசாச்சே, அடிச்சேற்றுக்கு எப்படிப் போகிறது? துணுக்கின் மேல் பாசியும் நுண்ணுயிரும் படிந்து எடை கூடுகிறது. தவிர, நல்ல தண்ணி உப்புத் தண்ணியைச் சந்திக்கும் இடத்தில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படியும். துணுக்கும் அதில் மாட்டிக்கொள்ளும். ஏற்றத்தின்போது ஆற்றின் வேகம் குறையும், அலையாத்தி வேர்கள் மிச்சத்தைப் பிடித்து வைக்கும்.

செஞ்சிப் பக்கத்து மலைகளில் தொடங்கும் சங்கராபரணி, வில்லியனூர் தாண்டி அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் கடலைச் சேர்கிறது. அந்த அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்து ஓட்டைப் பத்திரமா வெச்சிருந்த மண், நம்ம பாலித்தீனையும் அப்படித்தான் வைத்திருக்கும்.

டவுன் குப்பையை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. களைக்கு விரிக்கும் மல்ச்சிங் ஷீட் பல இடங்களில் 25, 30 மைக்ரான்தான். நானும் கத்தரிக்குப் போட்டேன். அறுவடை முடிந்து சுருட்டினால் பாதிதான் கையோடு வந்தது. வெயிலில் நொறுங்கிய மிச்சத்தை உழவு இன்னும் பொடியாக்கியது. ஐப்பசி மழையில் அது வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் ஆற்றுக்கு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையான பொருட்களில் கப், ஸ்ட்ரா எல்லாம் உண்டு, மல்ச்சிங் ஷீட் கிடையாது. மானியம்கூடத் தருகிறார்கள்! இப்போது எனக்கு வைக்கோலும் கடலைத் தொலியும்தான் மூடாக்கு. ஆள் செலவு கூடுதல்தான், மறைக்கவில்லை.

ஏரி வண்டலோ நகரக் கம்போஸ்ட்டோ வாங்குகிறவர்கள் கொட்டும் முன் ஒரு பிடி சோதித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணிக்கு 350 கிராம் கல்லுப்பு; கலக்கி ராத்திரி முழுக்க விடுங்கள். மிதப்பதில் வைக்கோல் துரும்பும் இருக்கும். சந்தேகமானதை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய ஊசி முனையால் தொடுங்கள். துரும்பு கருகும், பிளாஸ்டிக் சுருண்டு உருகும்.