வெளிர் மரத்துக்கு எந்த பாலிஷைக் கொடுப்பது?

மர பாலிஷ் கேட்டு வருபவருக்கு நாம் இத்தனை காலமும் தேக்கை மனதில் வைத்தே பதில் சொல்லிப் பழகிவிட்டோம். தேக்கில் எந்த வார்னிஷ் பழுத்து மஞ்சளானாலும் மரத்தின் நிறத்தோடு கலந்து அழகாகவே தெரியும். மேப்பிள் மரத்தில் அந்தச் சலுகை கிடையாது.

மேப்பிள் வட அமெரிக்க மரம். கனடா நாட்டுக் கொடியில் இருப்பது அதன் இலைதான். அதில் கெட்டி ரகம் தேக்கைவிடக் கடினமானது. கூடைப்பந்து ஆடுகளங்களுக்குத் தரை போடுவது அதில்தான். வாடிக்கையாளர் அதிக விலை கொடுப்பது அதன் வெளிர் நிறத்துக்காக. ஆசாரி நாள் கணக்கில் கையால் இழைத்துச் செய்த மேசை, இரண்டு வருடத்தில் பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்தால் பேச்சு ஆசாரிக்கு மட்டும் விழாது, டப்பா விற்ற கடைக்கும் விழும். ரப்பர் மரச் சாமான்களுக்கும் இதே கதைதான்.

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் துணி உருண்டையால் பூசுவதற்கு அருமையானது. வெளுத்த அரக்காக இருந்தால் நிறமும் அதிகம் ஏறாது. ஆனால் சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். படச் சட்டத்துக்குக் கொடுக்கலாம், சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். என்.சி. லாக்கர் சீக்கிரம் காயும், ஆனால் நாளடைவில் மஞ்சளாகும். மழைக்காலத்தில் அடித்தால் புகை படிந்தாற்போல் வெளுத்தும் போகும். மெலமைன் கெட்டியானதுதான், ஆனால் கண் எரியும் நெடி உண்டு. வீட்டுக்குள் வைத்து அடிக்க ஏற்றதல்ல.

இனி பி.யு. இந்த ஒரு பெயரில்தான் குழப்பமெல்லாம். ஒரே டப்பாவில் வரும் எண்ணெய் கலந்த பி.யு. வார்னிஷ் நன்றாக உழைக்கும், ஆனால் பூசிய அன்றே தேன் நிறம் காட்டும், வருடம் ஆக ஆக அது கூடும். இரண்டு டப்பாவாக வருவதில் சங்கதி ஹார்டனரில் இருக்கிறது. அரோமேட்டிக் வகை மஞ்சளாகும். அலிபாட்டிக் வகை நிறம் மாறாது, விலையும் கூடுதல். எனவே "பி.யு. கொடுங்கள்" என்று கேட்டவுடன் அலமாரியில் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுக்காமல், என்ன மரம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மேல் பூச்சுக்கு உயர்ந்த சரக்கு வாங்கி, அடியில் மலிவான சீலர் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அடியில் இருப்பது மஞ்சளானால் மேலே இருப்பது என்ன செய்யும்?

இந்த இரண்டு டப்பா சரக்கை ஸ்பிரே செய்பவர் அதற்குரிய முகமூடி அணிய வேண்டும். ஹார்டனரின் ஆவி மூச்சுக்குழாய்க்குக் கெடுதல். கைக்குட்டை கட்டினால் போதாது. இதையும் நாம் சொல்லித்தான் விற்க வேண்டும்.

ஸ்பிரே வசதி இல்லாமல் பிரஷ்ஷில் அடிக்கும் சிறு பட்டறைக்கு நாங்கள் சிபாரிசு செய்வது, தண்ணீரில் கலக்கும் பி.யு.வைத்தான். நெடி குறைவு, நிறமும் ஏற்றாது. முதல் கோட்டிங்கில் மரத்தின் சிலும்பு எழும்பும். 320 நம்பர் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துவிட்டு அடுத்ததைப் பூசலாம். இரும்புக் கம்பளி மட்டும் கூடாது. துகள் சிக்கினால் துருப்பிடித்துப் புள்ளி விழும். தொட்டால் ஒட்டாது என்பதற்காக உடனே பாத்திரம் ஏற்றக் கூடாது. நன்றாக இறுக இரண்டு மூன்று வாரம் விடச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். மேப்பிள் மரமே வெளிச்சம் பட்டால் காலப்போக்கில் சற்றுப் பழுக்கும். அதை எந்தப் பூச்சும் அடியோடு தடுக்காது. விற்கும்போதே சொல்லிவிட்டால் பின்னால் சண்டை இல்லை.

கடையில் கவனிக்க வேண்டியது ஹார்டனர் டப்பாவின் தேதி. பழைய சரக்கு முன்னால் போகட்டும். திறந்த டப்பா காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். ஆகவே அளந்து ஊற்றிச் சில்லறையில் கொடுப்பதும், மூடி திறந்ததைத் திரும்ப வாங்குவதும் வேண்டாம்.